பேஸ்மென்ட் அறை: எந்த வேலைக்குப் பின் எந்த வேலை

பேஸ்மென்டில் அறை போடப் போகிறவர்களிடம் என்ன யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், தரையின் நிறமும் சீலிங்கில் எத்தனை பொட் லைற் என்பதும்தான் முதலில் வரும். இரண்டும் கடைசிக் கட்ட விஷயங்கள். அவை கண்ணில் படும் நேரத்தில் கழிவுக் குழாய், காற்றுக் குழாய், வயர், குளிர் தடுக்கும் இன்சுலேஷன் என்று நாலைந்து அடுக்கு உள்ளே மறைந்திருக்கும். அதில் ஒன்று பிழைத்தால் அதற்கு மேலுள்ள அத்தனையையும் உடைத்துத்தான் அதைத் தொட முடியும். ஒழுங்கைத் தீர்மானிக்க ஒவ்வொரு வேலையிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்: இது பிழைத்தால் எதையெல்லாம் உடைக்க வேண்டி வரும்? அதிகம் உடைக்க வைப்பது எதுவோ, அதுதான் முதல் வேலை.

இங்கே எழுதுவது ஒன்ராறியோவில் வழக்கமாகக் காணும் வீட்டுக்கு. கொங்கிரீட் சுவர், மூன்று நாலு அங்குலக் கொங்கிரீட் தரை, ஒரு மூலையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் சுடுநீர்த் தாங்கியும். போடப் போவது ஒரு படுக்கையறை, பக்கத்தில் சின்ன வோஷ்றூம். வாடகைக்கு விடும் தனி யூனிட் என்றால் தீத் தடுப்பு, தனி வாசல் என்று கணக்கே வேறு. அதை இங்கே தொடவில்லை.

ஒரு பனி உருகும் காலம் பார்க்காமல் மரம் வாங்க வேண்டாம்

பேஸ்மென்ட் ஈரமா இல்லையா என்பதை ஓகஸ்டில் போய்ப் பார்த்துச் சொல்ல முடியாது. மார்ச், ஏப்ரலில் பனி உருகி, மண் ஊறி, அதற்கு மேல் மழையும் பெய்யும்போதுதான் சுவர் உண்மையைச் சொல்லும். அப்போது நாலு இடம் பாருங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் கருமையான கோடு இருக்கிறதா, சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளை உப்புப் பொடி பூத்திருக்கிறதா, யன்னலின் கீழ் மூலைகளில் இருந்து வெடிப்பு இறங்குகிறதா, ஃபர்னஸின் அடிப்பகுதியில் துரு ஏறியிருக்கிறதா. வெள்ளைப் பொடியைத் துடைத்துவிட்டுப் பெயின்ற் அடிப்பவர்கள் நிறையப் பேர். கொங்கிரீட்டுக்குள்ளால் தண்ணீர் வந்து, உப்பை விட்டுவிட்டு ஆவியாகிப் போயிருக்கிறது என்பதற்கு அந்தப் பொடிதான் சாட்சி. மேலே அடித்த பெயின்ற் ஒன்றிரண்டு வருடத்தில் உரிந்து வரும்.

தரைக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. இரண்டடிச் சதுரமான தெளிந்த பொலித்தீனைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்குக் கீழே தண்ணீர் நின்றால் ஈரம் தரையில் இருந்து வருகிறது. மேற்பக்கம் வியர்த்திருந்தால் அறையின் காற்றில்தான் ஈரம் அதிகம். பின்னதற்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் போதும். முன்னதற்கு, அடியில் குமிழ் வைத்த சப்ஃப்ளோர் (தரைக்குக் கீழே போடும் பலகைத் தளம்) போன்ற ஏதாவது ஒரு ஈரத் தடை இல்லாமல் தரை போடக்கூடாது.

ஈரம் இருந்தால் வைத்தியத்தை வெளியில் இருந்து தொடங்க வேண்டும். செலவு குறைந்ததும் அதுதான். கூரை ஓரத் தண்ணீர்ப் பீலியைத் துப்புரவாக்கி, இறங்கும் குழாய்க்கு ஆறடி நீளத்துக்கு நீட்டுக் குழாய் போட்டு, வீட்டைச் சுற்றி முதல் பத்தடிக்குள் மண் ஆறு அங்குலம் சரிந்து போகும்படி செய்தாலே பல வீடுகளில் பிரச்சினை பாதியாகிவிடும். பிறகுதான் வெடிப்புகள். தண்ணீர் கசியும் மெல்லிய வெடிப்புக்குப் பொலியூரித்தேன் ஊசி ஏற்றுவார்கள். அது உள்ளே நுரைத்து விரிந்து அடைக்கும், சுவர் கொஞ்சம் அசைந்தாலும் இழுபடும். சுவரின் பலமே கேள்வியாக இருக்கும் வெடிப்புக்குத்தான் எப்பொக்சி. புளொக் கல் சுவரில் படுக்கையாக வெடிப்பு ஓடி, சுவர் உள்ளே தள்ளிக்கொண்டு வந்திருந்தால் ஊசி வேலைக்காரரைக் கூப்பிட வேண்டாம். கட்டமைப்புப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

சுவர் காய்ந்திருந்தும் வீடு வெள்ளமாவது உண்டு. 2013 ஜூலை 8இல் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16இலும் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர். அப்படிப்பட்ட நாளில் தெருக் கழிவுக் குழாய் நிரம்பினால் பேஸ்மென்ட் வடிகால் வழியாகவே தண்ணீர் மேலே ஏறி வரும். அதைத் தடுப்பது பின்னோட்டத் தடை வால்வு. அதைப் பிரதான கழிவுக் குழாயில் பொருத்தத் தரையை உடைக்க வேண்டும். வோஷ்றூமுக்காக எப்படியும் தரை உடைபடப் போகிறது என்பதால் இரண்டையும் ஒரே தடவையில் செய்யுங்கள். இந்த வால்வுக்கும், குழியில் சேரும் நிலத்தடி நீரை வெளியேற்றும் சம்ப் பம்புக்கும் ரொறன்ரோ மாநகராட்சி மானியம் தருகிறது. தொகையும் நிபந்தனைகளும் மாறுவதால் வேலை தொடங்குமுன் அவர்களுடைய பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை உடைபடும் நேரத்தோடு சேர்ந்த இன்னொன்று ரேடான் வாயு. மண்ணில் இருந்து தரை வெடிப்புகளால் ஏறி வரும், மணமும் நிறமும் இல்லாத கதிரியக்க வாயு அது. கனடா சுகாதாரத் திணைக்களம் வைத்திருக்கும் எல்லை ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரல். வீடு பூட்டியிருக்கும் குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் கருவியை வைத்து அளக்க வேண்டும். அளவு கூடினால், தரையில் துளையிட்டு அடியில் இருந்து வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாயும் விசிறியும் போடுவார்கள். புதுத் தரை போட்டுவிட்டு அளந்து பார்ப்பவர், அந்தப் புதுத் தரையையே வெட்டக் கொடுக்க வேண்டி வரும்.

1990க்கு முந்திய வீடு என்றால் எதையும் உடைக்குமுன் அஸ்பெஸ்டஸ் சோதனை. ஒன்பது அங்குலச் சதுரப் பழைய தரைத் தட்டுகள், குழாயைச் சுற்றிய வெள்ளைக் கட்டு, மினுங்கும் சரளை போன்ற வெர்மிகுலைட் இன்சுலேஷன் ஆகியவைதான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை.

காகித வேலை

புதுக் குழாய் வேலை, யன்னலுக்குச் சுவர் வெட்டுவது, தூணையோ சுமை தாங்கும் சுவரையோ தொடுவது எல்லாவற்றுக்கும் கட்டட பெர்மிற் வேண்டும். மின்சாரம் தனிக் கதை. அதற்கு மின் பாதுகாப்பு ஆணையமான ஈ.எஸ்.ஏ.விடம் தனியாகப் பதிய வேண்டும். வேலையை வீட்டுக்காரர் தானே செய்யலாம், இல்லையென்றால் உரிமம் பெற்ற மின் கொன்ராக்டர்தான் செய்யலாம். "கொஞ்சம் வயர் வேலை தெரிந்த" பொடியனுக்கு இதில் இடமில்லை.

பெர்மிற்றை வெறும் தொந்தரவாகப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஒழுங்கின் பாதியை இன்ஸ்பெக்டர்களே தீர்மானித்துத் தந்துவிடுகிறார்கள். தரைக்கு அடியில் போகும் குழாயைக் கொங்கிரீட் போடுமுன் காட்ட வேண்டும். சுவரின் மரச் சட்டகம், குழாய், காற்றுக் குழாய், வயர் எல்லாவற்றையும் இன்சுலேஷன் வைக்குமுன் காட்ட வேண்டும். இன்சுலேஷனை, சுவரை மூடும் ட்ரைவோல் பலகை அடிக்குமுன் காட்ட வேண்டும். காட்டாமல் மூடினால் திறக்கச் சொல்வார்கள்.

உடைக்கிற வேலை: யன்னலும் தரையும்

படுக்கையறைக்கு, தீப்பிடித்தால் ஆள் வெளியேறக்கூடிய யன்னல் வேண்டும். திறந்த வெளி குறைந்தது 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 380க்கு 380 என்றால் 0.14 சதுர மீற்றர்தான் வரும். ஒரு பக்கம் 380 என்றால் மற்றப் பக்கம் 920க்கு மேல் வேண்டும். நகர்த்தித் திறக்கும் யன்னலில் பாதிதான் திறக்கும் என்பதால் வாங்கும்போது கண்ணாடியின் அளவைப் பார்க்காமல் திறக்கும் அளவைப் பாருங்கள். யன்னல் மண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அதற்கு முன்னால் 550 மில்லிமீற்றர் இடைவெளியோடு குழி வேண்டும். குழியின் அடியில் சரளை போட்டு, அத்திவாரத்தைச் சுற்றி ஓடும் வடிகால் குழாயோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குழியே தண்ணீர்த் தொட்டியாகி யன்னலால் உள்ளே ஊற்றும்.

தோண்டுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னரே ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். எரிவாயுக் குழாயும் மின் கம்பியும் எங்கே போகின்றன என்று நிலத்தில் நிறம் அடித்துத் தருவார்கள், அதற்குக் காசில்லை. மண் உறைந்த பிறகு தோண்டுவது இரட்டை வேலை. ஆகவே வெளி வேலையைக் கோடையிலும் சட்டக வேலையை இலையுதிர் காலத்திலும் ட்ரைவோலையும் பெயின்ற்றையும் குளிர்காலத்திலும் வைத்துக்கொள்வது இந்த ஊர்க் காலநிலைக்குப் பொருந்தும். குளிர்காலக் காற்று வறண்டது, பூச்சு நன்றாகக் காயும்.

தரைக்கு வருவோம். வோஷ்றூம் எங்கே என்பதை உங்கள் விருப்பத்தைவிடப் பிரதான கழிவுக் குழாயின் ஆழம்தான் தீர்மானிக்கும். கொமோட்டுக்கு 3 அங்குலக் குழாய். ஒவ்வொரு அடிக்கும் கால் அங்குலம் சரிவு. பன்னிரண்டடி தள்ளி வைத்தால் குழாய் 3 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். பிரதான குழாய் அந்த ஆழத்தில் இல்லையென்றால் ஒன்றில் வோஷ்றூமை நகர்த்த வேண்டும், அல்லது குழி வெட்டிப் பம்ப் வைக்க வேண்டும். இதனால் சுவருக்குக் கோடு கீறுமுன் ஒரு சின்ன இடத்தில் தரையை உடைத்து ஆழம் பாருங்கள். சரிவு கூடினால் நல்லதுதானே என்று செங்குத்தாக இறக்குவதும் பிழை. தண்ணீர் முந்தி ஓடிவிட, திண்மம் பின்னால் தங்கிவிடும்.

குழாய் போட்டு, தண்ணீர் நிரப்பிச் சோதித்து, இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகு சரளை, பொலித்தீன், கொங்கிரீட். புதுக் கொங்கிரீட்டில் ஈரம் வெளியேறக் குறைந்தது 28 நாள், பெரும்பாலும் அதைவிடக் கூட ஆகும். அதுவரை அதன் மேல் தரை ஒட்டக் கூடாது. சட்டக வேலை அதற்குள் நடக்கலாம் என்பதால் காலம் வீணாகாது.

சட்டகம் முதலிலா, இன்சுலேஷன் முதலிலா?

இதற்கு ஒரே விடை கிடையாது. எந்த இன்சுலேஷன் என்பதைப் பொறுத்து ஒழுங்கே தலைகீழாகும்.

ஃபோம் போர்ட் (கெட்டி நுரைப் பலகை) என்றால் அது முதலில். 2 அங்குல எக்ஸ்பிஎஸ் வகைப் போர்ட்டைக் கொங்கிரீட்டில் பசையால் ஒட்டி, மூட்டெல்லாம் ரேப் ஒட்டி, விளிம்புகளை நுரையால் அடைத்த பிறகு, அதன் முன்னால் 2×4 மரச் சட்டகம். வயர் ஓடி முடிந்த பின், சட்டகத்தின் நிலைமரங்களான ஸ்டட்டுகளுக்கு இடையில் ஆர்-12 பஞ்சு (ஆர் எண் கூடினால் குளிர்த் தடுப்பும் கூடும்). போர்ட்டின் ஆர்-10ஐயும் சேர்த்தால் குளிர் தாங்கும். ஆனால் ஒவ்வொரு வெளிச்சுவரும் 6 அங்குலம் அறைக்குள் வரும் என்பதைக் கட்டில் அளவு பார்க்கும்போதே கழித்துவிடுங்கள்.

ஸ்பிரே ஃபோம் என்றால் சட்டகம் முதலில். ஸ்டட்டைக் கொங்கிரீட்டில் இருந்து ஒன்று இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினால்தான் நுரை பின்னாலும் போய் நிரம்பும். வயரும் குழாயும் நுரைக்குள் புதைந்துவிடும். அதனால் அந்த இரண்டு இன்ஸ்பெக்‌ஷனும் முடியாமல் ஸ்பிரேக்காரரை அழைக்கக் கூடாது. அடித்த பிறகு குறைந்தது ஒரு நாள் வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. இரண்டு வகை நுரையையும் ட்ரைவோலால் மூடியே ஆக வேண்டும். ஃபர்னஸ் அறைக்குள் யாரும் பார்க்கப் போவதில்லை என்று திறந்து விடுவது, தீ என்று வரும்போது ஆபத்து.

கொங்கிரீட்டோடு நேரே பஞ்சை வைத்து முன்னால் பொலித்தீன் அடிக்கும் பழைய முறைதான் மலிவு. அதனாலேயே இன்னும் செய்கிறார்கள். குளிர்காலத்தில் அறையின் சூடான காற்று ஓட்டைகளால் பின்னே போய், குளிர்ந்த கொங்கிரீட்டில் பட்டு நீராகும். கோடையில் கொங்கிரீட்டின் ஈரம் உள்ளே வந்து பொலித்தீனின் பின்பக்கம் வியர்க்கும். இரண்டு பருவமும் பஞ்சு ஈரம். பேஸ்மென்டில் இறங்கியதும் அடிக்கும் அந்த மணம் பெரும்பாலும் இதில் இருந்து வருவது.

எந்த முறையானாலும் தரையில் படும் அடிப்பலகை பச்சை நிற மருந்தேற்றிய மரமாக இருக்கட்டும், அடியில் நுரைப் பட்டி வையுங்கள். சுவரை நேரே கொங்கிரீட்டில் நிறுத்தி, சப்ஃப்ளோரை உள்ளே பிறகு போடுவதுதான் என் தெரிவு. சுவரைச் சப்ஃப்ளோரின் மேல் நிறுத்தினால் வேலை சுலபம். ஆனால் தண்ணீர் வந்த அன்று சுவருக்கு அடியில் மாட்டிய பலகையைக் கழற்ற வழியில்லை.

மேல்வீட்டுத் தரைத் துலாக்கள் வெளிச்சுவரில் முட்டும் இடத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் போல இடைவெளி இருக்கும். குளிர் அதிகம் நுழைவது அந்த வழியால்தான். காற்றுக் குழாயை மறைக்கும் பெட்டிச் சீலிங் அடித்த பிறகு அங்கே கை எட்டாது. அதையும் இப்போதே நுரையால் அடைத்துவிடுங்கள்.

வளையாதது முதலில்

சுவர்ச் சட்டகம் நின்றதும் பிளம்பர், காற்றுக் குழாய்க்காரர், மின்காரர் மூவரும் ஒரே வாரம் வரப் பார்ப்பார்கள். வளைந்து கொடுக்காதவருக்கு முதலிடம். கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும், அதை நகர்த்த முடியாது. காற்றுக் குழாய் பெரிது, சுற்றிப் போனால் காற்று குறையும். தண்ணீருக்கான பெக்ஸ் எனும் பிளாஸ்ரிக் குழாய் வளையும். வயர் எங்கும் நுழையும். ஆகவே அந்த வரிசையிலேயே விடுங்கள். காற்றுக் குழாய் போன பிறகுதான் அதைச் சுற்றிப் பெட்டிச் சீலிங் அடிக்க வேண்டும். முதலே அடித்துவிட்டால் குழாய்க்காரர் அறுத்துத் தள்ளிக்கொண்டு போவார்.

சூடான காற்று மேலே சீலிங்கில் வந்தால், திரும்பிப் போகும் வழி சுவரின் அடியில் இருக்க வேண்டும். அதை மறந்த அறையில் தலை வியர்க்கும், கால் விறைக்கும்.

ஃபர்னஸையும் சுடுநீர்த் தாங்கியையும் சுற்றிச் சுவர் எழுப்புமுன் இரண்டு கேள்வி. இவை பழுதானால் வைக்கப் போகும் கதவால் வெளியே எடுக்கலாமா? பன்னிரண்டு வயதுத் தாங்கி என்றால் இப்போதே மாற்றிவிடலாமா? ஒரே துண்டாக வரும் ஷவர் தொட்டியும் இப்படித்தான். சுவர் எழும்பிய பிறகு படிக்கட்டால் இறங்காது.

மின்சாரத்தில் சில இலக்கங்கள். மின் பனலின் முன்னால் 1 மீற்றர் வெளி எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். சுவரின் எந்த இடத்தில் இருந்தும் 1.8 மீற்றருக்குள் ஒரு பிளக் இருக்க வேண்டும். ஸ்டட்டின் விளிம்பில் இருந்து 32 மில்லிமீற்றருக்குள் வயர் போனால் அங்கே இரும்புத் தகடு அடிக்க வேண்டும். ட்ரைவோல் திருகாணி வயரைக் குத்துவது அங்கேதான். வயர் பொருத்திய பெட்டி எதையும் ட்ரைவோலுக்குள் புதைக்கக் கூடாது. மீன் நிரம்பிய பெரிய ஃப்ரீஸர் கீழே நிற்கப் போகிறதென்றால் அதற்குத் தனி லைன் கேளுங்கள். பொரிப்பதற்கென்று கீழேயும் ஒரு அடுப்பு வைப்பது நம் ஆட்களிடம் வழக்கம். அதன் புகைபோக்கிக்கு வெளியே போகும் ஓட்டையை இந்தக் கட்டத்தில்தான் போட வேண்டும். பலமான விசிறி, எரிந்த வாயு புகைக்கூண்டால் தானாக மேலே போகும் வகைச் சுடுநீர்த் தாங்கியில் அந்த வாயுவை அறைக்குள் திருப்பி இழுக்கும் என்பதையும் காற்றுக் குழாய்க்காரரிடம் சொல்லி வையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவிகள் வீடு முழுவதும் ஒன்றோடொன்று இணைந்திருக்கட்டும், கார்பன் மொனொக்சைட் கருவியும் கூடவே.

மூடுமுன் ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்துப் பிடித்துப் படம் எடுங்கள். நாளைக்கு ரீவி மாட்ட ஓட்டை போடும்போது எது எங்கே என்று தெரியும்.

தீர்மானம் முன்னால், வேலை பின்னால்

கடைசியில் போடும் சில பொருள்களை முதலே தெரிவு செய்தாக வேண்டும். தரை அதில் ஒன்று. 7/8 அங்குலச் சப்ஃப்ளோர், மேலே கால் அங்குல வைனில் என்றால் தரை ஒரு அங்குலத்துக்கு மேல் உயரும். கடைசிப் படி அந்த அளவுக்குக் குட்டையாகும். படி உயரங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடக் கட்டட விதி மிகக் கொஞ்சமே இடம் தருகிறது, இருட்டில் இறங்குபவரின் கால் அதையும் தராது. 80 அங்குலக் கதவுக்குச் சட்டகத்தில் விடும் வாசல் 82½ அங்குலம், அதுவும் முடிந்த தரையில் இருந்து. கொங்கிரீட்டில் இருந்து அளந்து வெட்டினால் பிறகு கதவை அறுக்க வேண்டி வரும். கொமோட்டின் குழாய் வாயும் அப்படித்தான். அது முடிந்த தரையின் மேல் உட்கார வேண்டும்.

ட்ரைவோலில் சீலிங் முதலில், சுவர் பிறகு. சுவர்ப் பலகை மேலே போய் முட்டி, கீழே அரை அங்குலம் தரையைத் தொடாமல் நிற்கட்டும். தரையைத் தொட்டால் சின்னத் தண்ணீரையும் திரிபோல உறிஞ்சும். பூச்சு மூன்று தரம், ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரத்துக்கு எரிவாயு ஹீற்றர் வைப்பவர்கள் உண்டு. அது எரியும்போது நீராவியையும் விடும், காய்வது பிந்தும். தேய்க்கும் நாளில் ஃபர்னஸை நிறுத்தி, காற்று வழிகளை மூடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைத் தூள் மேல்மாடிக் கட்டில் வரை போகும்.

பிறகு பிரைமர், சீலிங் பெயின்ற், சுவருக்கு முதல் பூச்சு, தரை, கதவு, கீழ்ப்பட்டி, சுவருக்குக் கடைசிப் பூச்சு. வைனில் தரைக்குச் சுவரோரம் கால் அங்குலம் இடைவெளி விட்டால் போதும், கீழ்ப்பட்டி அதை மறைக்கும்.

காசையும் இதே ஒழுங்கில் பிரியுங்கள். தவணையைத் திகதிக்குக் கட்டாமல் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கட்டுங்கள்: தரைக்குழாய் பாஸ் ஆனதும் ஒன்று, வயரும் சட்டகமும் பாஸ் ஆனதும் ஒன்று, இன்சுலேஷனுக்குப் பிறகு ஒன்று. ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டப்படி 10 சதவீதத்தை வீட்டுக்காரர் பிடித்து வைத்திருக்க வேண்டும். கட்டடப் பிரிவின் இறுதி ஒப்புதலும் ஈ.எஸ்.ஏ. சான்றிதழும் கையில் வருமுன் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞரும், அதற்கு முன்னமே காப்புறுதிக்காரரும் அந்த இரண்டு தாளையும் கேட்கக்கூடும்.